கடன் தீர்க்கும் ஆண்டு
நம் மண்ணில் பாவப்பொறுத்தலின் வரலாறு



யூபிலி என்றவுடன் நம் கண்முன் வருவது வண்ண விளக்குத் தோரணம், பேண்டு வாத்தியம், சப்பரம், ஆயர் அவர்களின் வருகை, அன்பின் விருந்து ஆகியவை. இவை எல்லாம் வேண்டியவையே. பங்கு மக்கள் மாதக்கணக்கில் உழைத்து இவற்றை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு நமது நன்றி. ஆனால் யூபிலி என்ற சொல் பிறந்த இடத்தில் தோரணமும் இல்லை, பேண்டும் இல்லை. அங்கே இருந்தது ஓர் ஆட்டுக் கடாவின் கொம்பு. அந்தக் கொம்புக்கு எபிரேய மொழியில் 'யோபேல்' என்று பெயர். ஐம்பதாம் ஆண்டில் அது ஊதப்பட்டால் அடிமை தன் வீட்டுக்குத் திரும்புவான். விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும் என்று லேவியர் ஆகமம் கூறுகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள கட்டளை.

ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் கொம்பு புத்தாண்டு நாளில் ஊதப்படவில்லை, அறுவடை நாளிலும் ஊதப்படவில்லை. மக்களின் பாவங்களுக்காகப் பரிகாரம் செய்யும் நாளில்தான் ஊதப்பட்டது. முதலில் கடவுள் மக்களை மன்னிக்கிறார்; பிறகே மக்கள் ஒருவர் கடனை ஒருவர் விடுகிறார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. இக்கட்டுரை முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதே.

ஒரு பெரியவரின் கேள்வி

யூபிலிப் பணிகள் தொடங்கிய நாள்களில் ஒரு மாலை, பங்குத் தந்தை இல்லத் திண்ணையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். (இது பாவசங்கீர்த்தனத்தில் நடந்தது அல்ல, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.) வெகுநேரம் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு மெல்லச் சொன்னார்: "சாமி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப யூபிலி வருது. கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் குடுத்துட்டேன்னா ஆண்டவரு என்னைய ஏத்துக்குவாரா?"

உண்மையைச் சொல்ல வேண்டும். யூபிலி நிதிக் கணக்கில் அப்போது பணம் குறைவு. மணி என்ற சொல் நம் காதில் இனிமையாகவே விழுந்தது. ஆனால் அவர் கேட்டது மணியின் விலையை அல்ல, மன்னிப்பின் விலையை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை பதில் சொல்லிவரும் கேள்வியை அவர் நம் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நம் முன்னோர் இந்தத் தமிழ் மண்ணில் இதற்கு என்ன பதில் கேட்டார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

தமிழ் அச்சின் முதல் நூல்களில் ஒன்று

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542-ல் புனித சவேரியார் அங்கே வந்தார். மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஆனால் தன் மனச்சுமையை இறக்கி வைக்க வரும் ஒருவன் மொழிபெயர்ப்பாளர் வழியாக எப்படிப் பேசுவான்? அவன் சொல்வதைக் குருவானவர் அவன் மொழியிலேயே கேட்க வேண்டாமா?

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் 1546-ல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். தமிழைக் கசடறக் கற்று, இடையில் ஆள் இல்லாமல் மக்களோடு பேசினார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல்களின் வரிசையில் இதற்குத் தனி இடம் உண்டு; பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1580-ல், 'கொம்பெசியோனாயரு' என்ற நூல் வந்தது. அது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் கைந்நூல்.

எண்ணிப் பாருங்கள். தமிழ் அச்சு பிறந்து இரண்டே ஆண்டுகளில், மன்னிப்புப் பெறுவது எப்படி என்று சொல்ல ஒரு நூல்! மன்னரின் புகழுக்கோ வணிகக் கணக்குக்கோ அல்ல. கடலோர எளிய மக்கள் கடவுளின் மன்னிப்பைத் தாய்மொழியில் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டன.

நம் சொற்களே நமக்குப் போதகர்

மறை பரப்பியவர்கள் தமிழில் வழங்கிய சொற்களை நாம் பழக்கத்தால் பொருள் உணராமல் சொல்லிவிடுகிறோம். மூன்று சொற்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, பிரியதத்தம். நம் பாட்டிமார் சொன்ன பழைய அருள்நிறை மந்திரத்தில் இச்சொல் உண்டு. இன்று நாம் 'அருள்' என்கிறோம். பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அன்பினால் கொடுக்கப்பட்டது எதுவோ அதுவே பிரியதத்தம். கூலி அல்ல, சம்பளம் அல்ல, கடனுக்கு ஈடும் அல்ல. இறையியல் கல்லூரியில் நாம் பல மாதம் படித்த பாடத்தை அந்தப் பாட்டிமார் ஒரு சொல்லில் தினமும் ஐம்பத்துமூன்று மணியாக உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, பாவப்பொறுத்தல். மன்னிப்பதைத் தமிழன் பொறுத்தல் என்கிறான். பொறுத்தல் என்றால் சுமத்தல். வள்ளுவரும் பொறையுடைமை அதிகாரத்தில், தன்னைத் தோண்டுகிறவர்களையே தாங்கும் நிலத்தை உவமை காட்டுகிறார். ஆகவே மன்னிப்பு இலவசம் என்றால் அதற்குச் செலவே இல்லை என்று பொருள் அல்ல. பெறுகிறவனுக்குச் செலவு இல்லை, கொடுக்கிறவர் சுமக்கிறார். கல்வாரியில் நடந்தது அதுவே.

மூன்றாவது, பாவசங்கீர்த்தனம். 1973-ல் வந்த புதிய திருச்சடங்கு முறைக்குப் பின் நாம் 'ஒப்புரவு அருள்சாதனம்' என்று சொல்கிறோம். அதுவும் நல்ல பெயரே. ஆனால் பழைய சொல்லில் ஓர் அழகு உண்டு. சங்கீர்த்தனம் என்பது புகழ்ந்து பாடுவதற்கும் வழங்கும் சொல். புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்றுக்குச் சூட்டிய இலத்தீன் தலைப்பிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது: தன் பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனின் இரக்கத்தை அறிக்கையிடுதல். நமது பாவம் எவ்வளவு என்று சொல்லி முடிப்பதற்கு மட்டும் நாம் முழந்தாளிடுவதில்லை. அவர் இரக்கம் எவ்வளவு என்று சொல்லவும்தான்.

விலை பேசிய காலங்கள்

திருச்சபையின் வரலாற்றில் இந்த உண்மை மங்கிய காலங்களும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகிவிடலாம் என்ற கருத்தைப் பரப்பினார். அகுஸ்தினார் அதை எதிர்த்தார். 529-ல் கூடிய ஒராஞ்சுச் சங்கம், நம் முதல் நல்லெண்ணம்கூட இறைவன் தந்ததே என்று தெளிவாக்கியது. இடைக்காலத்தில் பலன்கள் என்னும் பாவத் தண்டனைக் குறைப்பு காசோடு கலந்தது. 1517-ல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய குரலுக்கு அதுவே உடனடிக் காரணம். திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547-ல், நாம் இறைவனுக்கு ஏற்புடையவராகும் அந்த அருளை அதற்கு முன் நாம் செய்யும் எந்தச் செயலாலும் சம்பாதிக்க முடியாது என்று வரையறுத்தது. அருளைப் பெற்றவன் அந்த அருளோடு ஒத்துழைத்து நற்செயல் செய்ய வேண்டும் என்றும் அதே சங்கம் கற்பித்தது.

ஐரோப்பாவின் இந்தச் சண்டை கப்பல் ஏறி நம் நாட்டுக்கும் வந்தது. 1706-ல் சீகன்பால்கு அவர்களும் புளுட்சோ அவர்களும் தரங்கம்பாடியில் இறங்கினர். சில ஆண்டுகளில் தமிழகம் வந்த நம் வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே எழுத்தாணியால் 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' போன்ற கண்டன நூல்களையும் எழுதினார். அவர்களும் பதில் எழுதினார்கள். இரு பக்கமும் சூடு அதிகம். மன்னிப்பைப் பற்றிப் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் மன்னிக்காமல் போனது வரலாற்றின் வேதனை.

நம் பகுதியிலும் இரு மரபுகளும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். நம் வத்தலக்குண்டிலும் அவர்களுக்கு நிலையம் இருந்தது. 1947-ல் அந்த மரபு தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தும், ஒரு வீட்டுத் திருமணத்துக்கு மறு வீட்டார் தயங்கிய காலத்தை முதியோர் அறிவர்.

1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அன்று, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவியைத் தந்து நற்செயலுக்கு நம்மை அனுப்புகிறார் என்பது அதன் சாரம். பின்னர் மெதடிஸ்டு சபையினர் 2006-லும், சீர்திருத்த சபையினர் 2017-லும் இதில் இணைந்தனர். நானூற்று எண்பத்திரண்டு ஆண்டு வழக்கு! எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மன்னிப்பு கொடையா கூலியா என்ற கேள்விக்கு இன்று இரு வீட்டாரும் சொல்வது ஒரே பதில்.

மலையேறிய அன்னை

நம் ஊர் கொடைக்கானல் மலைக்கு வாசற்படி. மலைப்பாதை போடப்படுமுன், மேலே போகிறவர்கள் மாட்டு வண்டியில் நம் ஊர் வழியாகச் சென்று, பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து ஒற்றையடி மலைவழி. நடக்க முடிந்தவர் நடந்தார்; குதிரை உள்ளவர் குதிரையில் போனார்; நோயாளிகளையும் குழந்தைகளையும் டோலியில் வைத்துச் சுமந்தார்கள். டோலியில் போனவர் மலை ஏறினார் என்று சொல்கிறோமே, உண்மையில் ஏறியவை யாருடைய கால்கள்? பொறுத்தல் என்ற சொல்லின் பொருளை நம் மலையடிவாரத்து மக்கள் தோளிலே அறிந்திருந்தார்கள்.

அந்த மலையின் மேல் 1866-ல் இயேசு சபைக் குரு சேன் சீர் அடிகளார் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 நாள்களில் அங்கே திருவிழா. நம் பங்கிலிருந்தும் எத்தனையோ பேர் போய் வருகிறோம். ஆனால் சலேத் மாதா யார் என்று பிள்ளைகளைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

1846 செப்டம்பர் 19-ல் பிரான்சு நாட்டு மலைக்கிராமமான லா சலேத்தில் மாடு மேய்த்த இரு பிள்ளைகள், மெலானி, மாக்சிமின் என்பவர்கள், ஓர் ஒளிமிகுந்த பெண்மணியைக் கண்டனர். அவர் முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அவர் மார்பில் தொங்கிய சிலுவையின் ஒரு புறம் சுத்தியல், மறுபுறம் குறடு. சுத்தியல் நம் பாவத்தைக் குறிக்கிறது. ஆணி அடித்தது அதுவே. குறடு மனமாற்றத்தைக் குறிக்கிறது. அது ஆணியைப் பிடுங்கும். இதனாலேயே பாவிகளை ஒப்புரவாக்கும் அன்னை என்று அவரைத் திருச்சபை அழைக்கிறது. பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டு அழுத பின் தாய் வந்தாள் என்பது அல்ல செய்தி. தாய் முதலில் அழுதாள்; அதைக் கண்டபின் ஊர் அழுதது. மீண்டும் அதே வரிசை.

கடன் தள்ளுபடியும் மூத்த மகனும்

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு மனம் உறுத்தும். "ஞாயிறு தவறாமல் பூசை காணும் எனக்கும், முப்பது ஆண்டு கோயில் பக்கமே வராதவனுக்கும் ஒரே மன்னிப்பா?" என்று.

2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவு வங்கிகளில் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததை நினைவு கூருங்கள். அப்போது டீக்கடைகளில் என்ன பேச்சு? "நகையை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டினவன் ஏமாளி, கட்டாதவனுக்கு யோகம்" என்றுதானே? அரசின் கணக்கில் அந்தக் குறைபாடு நியாயமானதாகவே இருக்கலாம், அது பொதுப்பணம். ஆனால் ஊதாரி மைந்தன் உவமையில் வயலிலிருந்து வந்த மூத்த மகனின் குரலும், திராட்சைத் தோட்டத்தில் காலை முதல் வெயிலில் உழைத்தவர்களின் முணுமுணுப்பும் அதே டீக்கடைக் குரல்தான். தந்தையின் பதிலோ வேறு: என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்கிறார். அதாவது மூத்தவனும் எதையும் சம்பாதிக்கவில்லை. அவன் உண்ட சோறும் கொடையே. ஒழுங்காகக் கோயிலுக்கு வரும் நமக்கு இதுதான் கசப்பான மருந்து. நாமும் தள்ளுபடி பெற்றவர்களே.

குருக்களாகிய நமக்கும் இந்த மருந்து வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில், பெருவிழாவுக்கு முந்தின இரவு, நெடுங்காலம் கழித்து ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தார். வரிசை நீளம்; நமக்குக் களைப்பு. "இத்தனை வருடம் எங்கே போயிருந்தீர்?" என்று உரத்த குரலில் கேட்டுவிட்டோம். அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பங்கில் இருந்த காலம் முழுவதும் அவரை மீண்டும் கோயிலில் காணவில்லை. தந்தை ஓடிப்போய்க் கட்டி அணைத்த இடத்தில், நாம் வாசலில் நின்று கணக்குக் கேட்டோம். அந்தக் கேள்விக்காக இன்றும் வருந்துகிறோம்.

நம் காலத்துச் சாட்சிகள்

இப்படியும் மன்னிக்க முடியுமா என்று கேட்போர்க்கு நம் காலமே சாட்சி தருகிறது. 1981 மே 13-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, சுட்ட சகோதரனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். சுட்டவர் மன்னிப்புக் கேட்குமுன் அது கொடுக்கப்பட்டாயிற்று. 1983 டிசம்பர் 27-ல் சிறைக்கே சென்று அவரோடு அமர்ந்து பேசினார்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் பெரிது. கேரளத்தின் புல்லுவழியில் 1954-ல் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரா சபைத் துறவி. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் ஏழைப் பழங்குடி மக்கள் கந்துவட்டிப் பிடியிலிருந்து விடுபட உழைத்தார். கடன் விடுதலைக்காக உழைத்தவரைப் பகைத்தவர்கள், 1995 பிப்ரவரி 25-ல், ஓடும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவரை ஏவிக் குத்திக் கொன்றனர்.

2002-ல் ரக்ஷா பந்தன் நாளையொட்டி, ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையான அருட்சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்றார். தன் அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டி, அவரைத் தம்பியாக ஏற்றார். குடும்பத்தாரின் ஆதரவோடு 2006-ல் அவர் விடுதலையானார். பின்பு புல்லுவழிக்கு வந்தார். மகளைப் பறிகொடுத்த பெற்றோர் அவரை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டனர். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

சமுந்தர் சிங் எந்த நேர்ச்சை செய்து அந்த ராக்கியைப் பெற்றார்? எதுவும் இல்லை. ஆனால் அதைப் பெற்றபின் அவர் பழைய மனிதராக இல்லை. தான் குத்தியவரின் கல்லறைக்கு வந்து முழந்தாளிடுகிறவராக ஆனார். மன்னிப்பு மனிதனைச் சோம்பேறியாக்கும் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

முதலில் மன்னிப்பு, பிறகு மணி

அந்தப் பெரியவரிடம் நாம் என்ன சொன்னோம்? சக்கேயுவின் கதையைச் சொன்னோம். இயேசு அவரை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, அவர் வீட்டுக்கு வருகிறேன் என்றார். அதற்குப் பிறகே சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து சொன்னார். தந்ததனால் ஆண்டவர் வரவில்லை, வந்ததனால் தந்தார். ஆகவே நாம் செய்யும் அபராதமும், நேர்ச்சையும், பிறருக்குச் செய்த தீங்கை ஈடுகட்டலும் தேவையானவையே. ஆனால் அவை மன்னிப்பின் விலை அல்ல, நன்றியின் அடையாளம். காயம் ஆற இடும் மருந்து.

"மணி வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரியவரே! முதலில் மன்னிப்பு, பிறகு மணி" என்றோம். சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் நடந்தது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ளது.

அன்பு மக்களே! இந்த யூபிலியில் நம் பங்கில் இன்னும் ஊதப்படாத கொம்புகள் உள்ளன. வரப்புத் தகராறில் பத்தாண்டாகப் பேசாத அண்ணன் தம்பி உண்டு. கிணற்றுத் தண்ணீர் முறைக்காக நீதிமன்றம் ஏறியவர்கள் உண்டு. கலப்பு மணம் செய்ததற்காக மகளை வாசலில் ஏற்றாத வீடுகள் உண்டு. "அவன் முதலில் காலில் விழட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எல்லாரும் காத்திருக்கிறோம். கடவுள் அப்படிக் காத்திருந்தால் நம்மில் ஒருவரும் இன்று கோயிலுக்குள் நிற்க முடியாது.

யூபிலிப் பெருவிழாவுக்கு முந்தின மூன்று நாளும் மாலை ஐந்து மணி முதல் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பார்கள். எவ்வளவு காலம் ஆயிற்று என்று தயங்க வேண்டாம். எங்கே போயிருந்தீர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு நாம் பொறுப்பு.

பிரியதத்தத்தைப் பிரியத்தோடு பெற்று, பெற்றதைப் பிறருக்கும் கொடுக்க, சலேத் அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை